ரங்கூன் கப்பலில் வந்தவர்கள்

வேப்பூரிலிருந்து பேசுகிறேன். எங்கள் கூட்டுரோட்டில் நின்றால் சென்னை, திருச்சி, சேலம், விருத்தாசலம் என்று நாலு பக்கமும் பஸ் கிடைக்கும். மூட்டையில் என்ன இருக்கிறது, எதற்காக ஊரை விட்டுப் போகிறாய் என்று யாரும் மறித்துக் கேட்பதில்லை. பர்மாவும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது.

பக்கத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். நாம் ஊறுகாய் போடும் ஜாடியை வடநாட்டில் 'மர்த்தபான்' என்பார்கள். அது பர்மாவிலுள்ள ஒரு துறைமுகத்தின் பெயர். மெருகு பூசிய பெரிய ஜாடிகள் அங்கிருந்து பல நூற்றாண்டுகளாகக் கப்பலேறிப் போயின. அப்படி வாசல் திறந்து கிடந்த நாட்டுக்குத்தான் நம்மவர்களும் போனார்கள். செட்டியார்கள் லேவாதேவிக்குப் போனார்கள். ஏழைபாழைகள் வயல் வேலைக்கும் கடை வேலைக்கும் போனார்கள்.

1962 மார்ச் 2 அன்று பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அந்த ஜூலையிலேயே ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாள் மாணவர் சங்கக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். பத்திரிகைகள் அரசின் கைக்குப் போயின. வெளிநாட்டுப் பயணிக்கு 24 மணி நேர விசா மட்டும்தான் என்ற நிலை வந்தது. ஒரு நாடே கதவைச் சாத்திக்கொண்டது.

1964இல் கடைகள் அரசுடைமையாயின. தலைமுறையாக நடத்திய கடைக்குள் காலையில் அதிகாரி வந்து சாவியை வாங்கிக்கொண்டார். மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். நோட்டு செல்லாமல் போவது என்றால் என்னவென்று நமக்கும் தெரியும். ஆனால் அவர்களுக்கு அதோடு கடையும் இல்லை, வேலையும் இல்லை. ஊருக்குத் திரும்புவது ஒன்றே வழி. இந்திய அரசு கப்பல் அனுப்பியது. ஆனால் சேர்த்துவைத்த நகையையும் பணத்தையும் கொண்டுவர பர்மா அரசு விடவில்லை. அப்படித் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அரசு ஏடுகளில் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. அவர்களில் பலர் அதற்குமுன் இந்த மண்ணையே பார்க்காதவர்கள்.

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய பர்மா பஜார் அவர்கள் உழைப்பில் எழுந்தது. அங்கே தள்ளுவண்டியில் அத்தோ சாப்பிடுகிறோம். அது அவர்கள் விட்டுவந்த ஊரின் சாப்பாடு. 1969இல் தொடங்கிய ரெப்கோ வங்கியும் இவர்களுக்கும் இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்குமாக ஏற்பட்டதே. இங்கே காலூன்ற முடியாத சிலர், பிறந்த மண்ணுக்கே போகலாம் என்று மணிப்பூர் வழியாக நடந்தார்கள். எல்லையில் தடுக்கப்பட்டு மோரே என்ற ஊரிலேயே தங்கினார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேசுவரி கோயில் இருக்கிறது.

அந்தக் கதை முடியவில்லை. 2021 பிப்ரவரி 1 அன்று, இப்போது மியான்மர் எனப்படும் பர்மாவில் ராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்தது. 2022 ஜூலையில் மோரேயைச் சேர்ந்த இரண்டு தமிழ் இளைஞர்கள் எல்லைக்கு அப்பாலுள்ள தமு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்நாட்டின் சின் இன மக்கள் ஆயிரக்கணக்கில் மிசோரத்துக்கு ஓடிவந்தார்கள். வருகிறவர்களைத் தடுக்கச் சொல்லி டெல்லி கடிதம் எழுதியது. எங்கள் ரத்த உறவுகளை எப்படித் திருப்பி அனுப்புவோம் என்று மிசோரம் மக்கள் வீட்டிலும் தேவாலயத்திலும் இடம் கொடுத்தார்கள். அவர்கள் செய்ததுதான் சரி என்பேன். அதே மாதிரி கொடுமைக்குத் தப்பி வந்த நம்மவர்களுக்கு அன்று கப்பல் அனுப்பிய நாடு இது.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. பர்மாவிலிருந்து வருபவரானாலும் சரி, முகாமில் தலைமுறை கடந்து வாழும் ஈழத் தமிழரானாலும் சரி, அவர்கள் வாழ்வு அதிகாரிகளின் உத்தரவில்தான் தொங்குகிறது. அடுத்த முறை உங்கள் எம்.பி. ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும்போது, அகதிகளுக்கு ஒரு சட்டம் எப்போது வரும் என்று கேளுங்கள்.