பாதிப் பேர் எங்கே போனது?

(ஹட்டனில் சங்க அங்கத்தவர் குடும்பங்கள் முன்னிலையில் சிறுவர் நாவலாசிரியர் ஒருவர் பேசியது)

அம்மாமாரே, அண்ணன்மாரே, முன்வரிசைப் பிள்ளைகளே,

"கதையெல்லாம் எங்கேயிருந்து எடுக்கிறீங்க?" என்று போகிற பள்ளிக்கூடமெல்லாம் கேட்கிறார்கள். எங்கள் லயத்திலிருந்துதான்.

எனக்கு ஏழு வயது. ஒரு மழை நாள். அம்மா படங்கைக்கூட அவிழ்க்காமல் அடுப்படியில் உட்கார்ந்து, "கொழுந்து குறைஞ்சு போச்சு, அரைப் பேர்தான் போட்டாங்க" என்றார். அது அரை நாள் சம்பளம் என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் பேரில் பாதியை யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். மிச்சப் பாதி எங்கே என்று கேட்டேன். அம்மா சிரிக்கவில்லை. என் முதல் நாவலில் ஒரு சிறுமி அந்தப் பாதிப் பேரைத் தேடி மடுவத்துக்கும் ஆபீசுக்கும் அலைகிறாள். நான் சேர்த்த கற்பனை அவ்வளவுதான்.

இந்த வழியில் எனக்கு முன்னே நடந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்தவர், தொழிற்சங்கவாதி, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்து நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. ஆங்கிலத்தில் கவிதை எழுதிய அந்த மனுஷன்தான், லயத்துப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்துப் புத்தகமாக்கினார். இல்லாவிட்டால் பாதி பாட்டிமாரோடேயே போயிருக்கும்.

பிள்ளைகளே, பிள்ளைக்காம்பராவில் இருந்த காலத்தில் என்ன நடந்தது என்று இன்றிரவு அம்மாவிடம், அப்பத்தாவிடம் கேளுங்கள். அம்மாமாரே, களைப்புத் தெரியும், விடிந்தால் பிரட்டு. ஆனாலும் பத்து நிமிஷம் சொல்லுங்கள். அடுத்த மாதம் வந்து கொப்பிகளைப் பார்ப்பேன்.