சோதனைக்குப் பின் தொடங்கும் கல்வி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இளைஞர்க்குப் பயன்படும் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைக் கேட்டுக்கொண்டார்கள். கல்வியின் பெருமையை உங்களுக்குச் சொல்லாத பெரியோர் இல்லை. "நன்றாகப் படி" என்ற சொல்லைத் தொட்டிற் பருவந் தொட்டே கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். ஆதலின், படியுங்கள் என்று சொல்ல நாம் இங்கு வரவில்லை. படிப்பு எப்போது முடிகின்றது என்ற ஒரு கேள்வியை மாத்திரம் உங்கள் முன்னிலையில் வைக்க விரும்புகின்றோம்.

க. பொ. த. உயர்தரப் பரீட்சையின் முடிவு வெளிவரும் நாளிலே நம் வீடுகளில் இருவகைக் காட்சிகளைக் காண்கின்றோம். ஒரு வீட்டிலே மகிழ்ச்சி. அந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் புகுகின்றான், பட்டம் பெறுகின்றான், உத்தியோகமுங் கிடைக்கின்றது. கிடைத்த அன்றே புத்தகங்களைப் பெட்டியிற் போட்டுப் பூட்டிவிடுகின்றான். மற்றொரு வீட்டிலே துக்கம். இப்பரீட்சை எழுதுவோரிற் பெரும்பாலோர்க்கு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடமில்லை என்பது யாவரும் அறிந்ததே. அந்தப் பிள்ளை, "என் தலையெழுத்து இவ்வளவுதான்" என்று சொல்லித் தன் புத்தகங்களையும் பெட்டியிற் போட்டுப் பூட்டிவிடுகின்றான். வென்றவனுந் தோற்றவனும் ஈற்றிற் செய்தது ஒரே காரியம் என்பதை எண்ணிப் பாருங்கள். சோதனை முடிந்தது, ஆகவே படிப்பும் முடிந்தது என்பது இருவருடைய எண்ணம். அந்த எண்ணம் பிழையானது என்பதையே நாம் இன்று சொல்ல வந்தோம்.

தலையெழுத்து என்ற பேச்சு வந்தமையால் வள்ளுவரை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம். ஊழ் என்று முப்பத்தெட்டாம் அதிகாரத்தை வகுத்த அதே வள்ளுவர், ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என நான்கு அதிகாரங்களை அறுபது முதல் அறுபத்துமூன்று வரை அடுத்தடுத்து வைத்தார். ஊழுக்கு ஓரதிகாரம், ஊக்கத்துக்கும் முயற்சிக்கும் நான்கு. அன்றியும், கல்வி என்ற அதிகாரத்தோடு நின்றுவிடாமல் கேள்வி என்றும் ஓரதிகாரஞ் செய்தார். பள்ளிக்கூடத்தில் இருந்து கற்க இயலாதவனும் அறிந்தோர் வாய்க் கேட்டுக் கற்கலாம் என்பது அவர் கருத்து. வயதெல்லை அவர் எங்கும் வகுக்கவில்லை.

இனி, நம் நாட்டிலே பிறந்த ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். கிழக்கிலங்கையிலே காரைதீவில் 1892ஆம் ஆண்டு மயில்வாகனன் என்னும் பிள்ளை பிறந்தார். பதினாறாம் வயதிற் கேம்பிரிட்ஜ் சீனியர் சோதனையிலே தேறினார். அக்காலத்தில் அது பெரிய தேர்ச்சி. அத்தோடு நின்றிருந்தாலும் மதிப்பாக வாழ்ந்திருக்கலாம். அவர் ஆசிரியரானார், ஆசிரியப் பயிற்சி பெற்றார். பின்னர்க் கொழும்பிலே தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து 1916இல் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலுஞ் சித்தியெய்தினார். ஒரு கையில் விஞ்ஞானம், மறு கையில் இலக்கணம்! படிப்பித்துக்கொண்டே படித்து, 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி. எஸ்ஸி. பட்டத்தையும் பெற்றார். பின்பு இராமகிருஷ்ண சங்கத்திலே துறவு பூண்டு விபுலாநந்த அடிகளானார். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931இலும், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1943இலும் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார்.

இவையெல்லாம் பதவிகளின் வரலாறு. இவற்றுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த வேறொரு வரலாறே நமக்கு வேண்டியது. பழந்தமிழர் வாசித்த யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் சென்றன. வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்ற பெயர்கள் ஏட்டில் இருந்தன. அவை எவ்வாறு ஒலித்தன என்று சொல்வார் இல்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையிலே யாழாசிரியனின் இலக்கணங் கூறும் இருபத்தைந்து அடிகளை அடிகளார் எடுத்துக்கொண்டார். புலவர்க்கு இசைக்கணக்கு வராது. கணக்கறிந்தவர்க்குச் சிலம்பு விளங்காது. இரண்டும் அறிந்தவர் இவர். ஒரே விறைப்பிலுள்ள நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் குரல் என்னும் சுரம் மேற்குரலாகின்றது. மூன்றில் இரண்டு பங்காக்கினால் இளி பிறக்கின்றது. இத்தகைய கணக்குகளைத் துணைக்கொண்டு பழைய பண்களின் வழியை ஆராய்ந்தார். பல ஆண்டு உழைப்பின் பயனாகிய யாழ்நூல், 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அரங்கேறியது. மறுமாதம் 19ஆம் நாள் அடிகளார் மறைந்தார்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? இளமையில் விஞ்ஞான டிப்ளோமாவுக்கு அமர்ந்தபோது, அது ஒரு நாள் யாழுக்குப் பயன்படும் என்று அவர் கண்டிருக்க முடியாது. கற்ற எதுவும் வீண்போவதில்லை. ஆனால் கற்பதை விடாது தொடர்பவனுக்கே அது உதவிக்கு வருகின்றது. டிப்ளோமாவோடு நின்றிருந்தால் அவர் நல்ல விஞ்ஞான ஆசிரியராக இருந்திருப்பார், யாழ்நூல் கிடைத்திராது.

தொடர்ந்து கற்பதற்கு முதல் வேண்டுவது, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் மனம். இதற்கு உ. வே. சாமிநாதையர் நல்ல சான்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக் கணக்காகப் பாடங் கேட்டவர் அவர். 1880இல், இருபத்தைந்து வயதிலே, கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே அவ்வூர் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவைகளை ஐயர் அடுக்கிச் சொல்ல, முதலியாரோ சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் படித்ததில்லை. கல்லூரி ஆசிரியருக்கு இது மானக்கேடாகத் தோன்றியிருக்கலாம். ஐயர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. ஏட்டைப் பெற்றுப் படிக்கத் தொடங்கினார். சமண சமயச் சொற்கள் விளங்காதபோது, சைவச் சூழலிலே கற்ற அவர், கும்பகோணத்துச் சமணர் வீடுகளைத் தேடிச் சென்று கேட்டுத் தெரிந்துகொண்டார். ஏழாண்டு உழைப்பின்பின் 1887இல் சிந்தாமணி அச்சேறியது. 1889இற் பத்துப்பாட்டு, 1892இற் சிலப்பதிகாரம், 1894இற் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று அப்பணி தொடர்ந்தது. எல்லாவற்றுக்கும் வித்து, "படித்ததில்லை" என்று ஒப்புக்கொண்ட அந்த ஒரு சொல்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளையையும் மறத்தலாகாது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் அவர் ஒருவர். மற்றவரும் நம் நாட்டவராகிய கறல் விசுவநாதபிள்ளையே. முதற் பட்டதாரி என்ற புகழே ஒருவனைச் சோம்பேறியாக்கப் போதும். தாமோதரம்பிள்ளை அரசாங்கக் கணக்குத்துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே சட்டம் படித்து, நாற்பதை அணுகும் வயதில், 1871இல், பி. எல். பட்டம் பெற்றார். செல்லரித்து, தொட்டால் நொறுங்கும் ஏடுகளைத் தேடியெடுத்துத் தொல்காப்பியத்தையும் வீரசோழியத்தையும் பதிப்பித்தார். கலித்தொகை வெளிவந்த 1887இல் அவர் ஐம்பது வயதைக் கடந்தவர். பகலில் கந்தோரும் நீதிமன்றமும். எஞ்சிய நேரத்தில் ஏடு.

இம்மூவரும் நிலைத்த புகழ்பெற்ற காரியங்களை மாணவப் பருவத்திலே செய்தவர்கள் அல்லர். உத்தியோகஞ் செய்தார்கள், எஞ்சிய நேரத்தைக் கற்பதற்கு ஆக்கினார்கள். அவர்களுக்கும் நாளொன்றுக்கு இருபத்துநான்கு மணி நேரமே இருந்தது.

"அவர்கள் மேதைகள்; நாம் சாமானியர்" என்று சிலர் சொல்வீர்கள். நன்று; சாமானியனின் கணக்கையே பார்ப்போம். நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் வாசிப்பவன் ஓராண்டில் 3,650 பக்கம் வாசிக்கின்றான். முந்நூறு பக்கமுள்ள புத்தகங்கள் பன்னிரண்டு, மாதத்துக்கொன்று. ஒரே துறையிற் பத்தாண்டு இவ்வாறு வாசித்தவனிடம் ஊரார் சந்தேகங் கேட்க வருவார்கள். பத்துப் பக்கத்துக்கு வேண்டுவது அரைமணி நேரம். கைத்தொலைபேசியை எத்தனை அரைமணி நேரம் பார்க்கின்றோம் என்பதை அவரவர் நெஞ்சே அறியும். அந்தக் கருவியைக் குறைகூற வேண்டியதில்லை; அதிலேயே நூலும் உண்டு, பாடமும் உண்டு. வேண்டாதவையும் அதிலேயே உண்டு. எதை எடுப்பது என்பது நம் விருப்பம்.

எனினும், முயற்சி ஒன்றே போதும் என்று சொல்லி ஏழைப் பிள்ளையைத் தனியே விட்டுவிடுவது நியாயமாகாது. தாமோதரம்பிள்ளைக்கு ஏடு கொடுத்தவர்கள் இருந்தார்கள். ஐயருக்குப் பொருள் சொன்ன சமணர் இருந்தார்கள். விளக்கும் புத்தகமும் ஆசிரியரும் இல்லாத இடத்தில் முயற்சி வாடிப்போகும். ஆகையாற்றான் நம் முன்னோர் ஊர்தோறும் வாசிகசாலை அமைத்தார்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1933இல் ஒரு தனிமனிதர் தம் வீட்டிலே தொடங்கிய சிறு நூலகத்திலிருந்து வளர்ந்தது. 1981இல் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. கட்டடத்தைப் பின்னர் மீண்டும் எழுப்பினார்கள். எரிந்த ஏட்டுச் சுவடிகளிற் பல எக்காலத்திலும் மீளா. படித்தவர் நெஞ்சிலும் பிறர்க்குச் சொல்லிக் கொடுத்த சொல்லிலும் எது தங்கியதோ, அதுவே நெருப்புக்குத் தப்பியது. கற்பதும் கற்பிப்பதும் நமக்கு வெறும் முன்னேற்றத்துக்குரிய வழி மாத்திரமல்ல. நம் செல்வத்தைக் காக்கும் வழியுமாகும்.

ஆகவே சங்கத்து இளைஞர்களிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கின்றோம். முதலாவது, ஒவ்வொருவரும் ஒரு துறையைத் தெரிந்துகொள்ளுங்கள். சமயமோ, சரித்திரமோ, கணிதமோ, இயந்திரத் தொழிலோ, பயிர்ச்செய்கையோ எதுவாயினும் ஆகுக. நாள்தோறும் அரைமணி நேரம் அதற்கென ஒதுக்குங்கள். இரண்டாவது, விளங்காததை வெட்கப்படாமற் கேளுங்கள். உங்களிலும் இளையவனிடங் கேட்பதும் இழிவன்று. மூன்றாவது, வாரத்தில் ஒரு மாலை சங்க மண்டபத்தில் விளக்கேற்றி வைத்து, படித்ததை ஒருவர்க்கொருவர் எடுத்துச் சொல்லுங்கள். பரீட்சையில் இடங் கிடையாத தம்பிமாரையும் தங்கைமாரையும் அந்த மாலைக்கு முதலில் அழையுங்கள். கதவு அடைபட்டுவிட்டது என்று எண்ணியிருப்பவர்க்கு அது திறந்தே கிடக்கின்றது என்று காட்டுவதினும் சிறந்த சேவை இச்சங்கத்துக்கு இல்லை.

அடுத்த ஆண்டு விழாவிலே, "இந்த ஆண்டு நாம் கற்றவை இவை" என்று உங்களில் ஒருவர் இம்மேடையில் எழுந்து பேசுவாராயின், இன்று பேசிய பயனைப் பெற்றவராவோம். உங்கள் முயற்சி திருவினையாகுக என்று வாழ்த்தி அமைகின்றோம்.