அசுரனுக்கும் காதல் உண்டு
(திருமயம் கூட்டத்தில் பேசியது)

இந்தத் திருமயம் குடைவரையில பெருமாள் பள்ளிகொண்டிருக்கார். ஆதிசேஷன் விஷம் கக்குது, மதுவும் கைடபனும் ஓடுறாங்க. அவங்களுக்காகக் காத்திருந்தவள் உண்டான்னு கல்லு சொல்லாது.

புலவர் குழந்தை 1946இல் 'இராவண காவியம்' எழுதினார். 1948இல் தடை, 1971இல்தான் நீங்கியது. அரக்கனை மனுசனாக்கினால் அரசாங்கமே பயந்தது. ஆனால் அங்கேயும் நாயகன் அரசன்தான். நமக்கு வேண்டியது முடிசூடாத அசுரனின் காதல்.

ஆசையைச் சொன்ன சூர்ப்பனகைக்கு மூக்கு போனது. 2016இல் உடுமலைப்பேட்டையில், காதலித்து மணந்த சங்கருக்கு உயிரே போனது. அரக்கர் என்று பெயர் வைப்பது, வெட்டுவதற்கு முந்தின வேலை.

ஆகவே மாயக்கதை எழுதும் மாணவத் தோழர்களே, அசுரனுக்கு வெள்ளையடிக்காதீர்கள். கோபமும் காமமும் உள்ளவனாக, காதலிக்கப்படுகிறவனாக எழுதுங்கள். அவனைக் கொல்லாமல் கதையை முடியுங்கள்.