குருதிக் குழாயும் முதியோர் உள்ளமும்



நாம் மருத்துவம் பயின்றதில்லை. இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைப்பவர். எனினும் நம் லைன் வீடுகளின் வாயிலில் நாள்தோறும் காணும் காட்சியைப் பற்றிச் சில சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அதில் இறங்கி உழைத்த தீரர் பலர் இன்று முதியோர். அவருள் சிலர் பேச்சைக் குறைத்துக்கொள்கின்றனர், பெயர்களை மறக்கின்றனர், எதிலும் நாட்டமின்றி அமர்ந்திருக்கின்றனர். "வயதாகிவிட்டது" என்போம், "சுரங்கம் போன கவலை" என்போம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றாவது காரணமொன்றும் உண்டு. அதுவே குருதிக் குழாய்.

உடல் எடையில் மூளை நூற்றுக்கு 2 பங்கே. ஆயினும் உடல் செலவிடும் உயிர்வளியில் ஏறத்தாழ 20 பங்கு அதற்கே வேண்டும். சுரங்கத்தில் காற்றுவழி குறுகினால் கடைக்கோடியில் நிற்பவனன்றோ முதலில் திணறுவான்? அவ்வாறே இரத்த அழுத்தமும் நீரிழிவும் புகையும் நுண்குழாய்களைத் தடிக்கச் செய்யும்போது மூளையின் ஆழ்பகுதிகள் வாடுகின்றன. சிந்தனை தளர்கிறது, மறதி வளர்கிறது, மனச்சோர்வு குடியேறுகிறது. சோர்ந்தவரோ மருந்தை மறக்கிறார், நடையை விடுகிறார். இதயம் மேலும் நலிகிறது.

நம் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரத்திலேயே, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சார்ந்த மூளை ஆய்வு மையம், 45 வயதும் அதற்கு மேலும் ஆன ஊரகத்தார் 10,000 பேரைத் தொடர்ந்து ஆராயத் திட்டமிட்டு, 2018-இல் பணி தொடங்கியது. முதுமைக்கு முன்பே ஏன் தொடங்க வேண்டும்? கேடு நடுவயதிலேயே வேர்விடுவதால். மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலக்கூடும் என்று 2024-இல் லான்செட் அறிஞர் குழு கணித்தது. அக்குழு சுட்டிய 14 காரணங்களுள் இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, உடற்பருமன், புகை, உழைப்பின்மை ஆகியன இதயத்தையும் கெடுப்பவையே.

தங்கவயலில் நெஞ்சு நோய் என்றால் தூசியால் வரும் இருமலையே நினைத்துப் பழகிவிட்டோம். இரத்த அழுத்தம் இருமாது, வலிக்காது, அளந்தாலன்றித் தெரியாது.

விடியலில் தொடர்வண்டி ஏறிப் பெங்களூர் செல்லும் பிள்ளைகள் இருட்டிய பின்னரே இல்லம் திரும்புகின்றனர். தந்தையின் மௌனத்தை யார் கவனிப்பது? ஆதலின் பிள்ளைகளே, விடுமுறை நாளொன்றில் பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளக்கச் செய்யுங்கள். நலமாயிருக்கிறதென்று மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம் குறையட்டும்; பீடி ஒழியட்டும்; மாலைநடை வளரட்டும். மனச்சோர்வும் மருந்தால், உரையாடலால் தணியும் நோயே. அதை மறைப்பதில் பெருமையில்லை. திடீரென வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, நாக் குழறினாலோ நொடியும் தாழ்த்தாது மருத்துவமனைக்கு விரையுங்கள்.

சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். நம் படிப்பகத்தில் இரத்த அழுத்தமானி ஒன்று வைப்போம். ஞாயிறுதோறும் முதியோரை அழைத்து, அளந்து, குறித்துவைத்து, அவர்தம் சுரங்கக் கதைகளையும் கேட்போம். அளவுமானி குழாயைக் காக்க வழிகாட்டும். அளவளாவல் உள்ளத்தைக் காக்கும்.

பொன்னெடுத்த கைகளைப் போற்றுவோம்.