வருகைப் பதிவேடு சொல்லாதது

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தினமும் காலையில் வருகைப் பதிவேட்டில் குறியிடுகிறோம். மாணவர் வந்தாரா என்பதை அது சொல்லும். எப்படி இருக்கிறார் என்பதைச் சொல்லுமா? இதைத் தேடிய ஓர் ஆய்வைப் பகிர விரும்புகிறேன்.

அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில், 2013-ஆம் ஆண்டு 48 மாணவர்களின் அன்றாட வாழ்வைக் கைப்பேசி வழியே 10 வாரங்கள் கவனித்தார்கள். பேராசிரியர் ஆண்ட்ரூ கேம்ப்பெல் குழுவினர் நடத்திய அந்த ஆய்வின் பெயர் 'ஸ்டூடண்ட் லைஃப்'. மாணவர்கள் சம்மதித்துச் சேர்ந்தார்கள். வெளியே ஜி.பி.எஸ்., கட்டடத்துக்குள் வைஃபை எனக் கைப்பேசி அவர்கள் இருக்கும் இடத்தை அறிந்தது. அதை வகுப்பு அட்டவணையோடு ஒப்பிட்டு வருகையைக் கணக்கிட்டார்கள். நடமாட்டம், உறக்கம், உரையாடும் நேரம் ஆகியவற்றையும் செயலி கணித்தது. என்ன பேசினார்கள் என்பதைப் பதிவு செய்யவில்லை. மன அழுத்தத்தை மாணவர்களிடமே கேட்டது.

தெரியவந்தது என்ன? பருவத் தொடக்கத்தில் நன்றாக உறங்கினார்கள், நடமாடினார்கள், நண்பர்களோடு பேசினார்கள். பாடச்சுமை கூடக் கூட மன அழுத்தம் ஏறியது. உறக்கம், பேச்சு, நடமாட்டம் எல்லாம் குறைந்தன. வகுப்பு வருகைக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு காணப்படவில்லை என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது.

48 பேரை வைத்து எல்லோரையும் அளந்துவிட முடியாது. ஆனால், என் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவன். அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் சரிந்தது. வகுப்பில் வைத்தே கடிந்துகொண்டேன். ஒரு மாதம் கழித்துத் தனியாக, "ராத்திரி எத்தனை மணிக்குப்பா தூங்குற?" என்று கேட்டேன். பரோட்டா கடையில் வேலை முடிந்து வீடு திரும்பவே ஒரு மணி ஆகிறதாம். தலைமையாசிரியரிடம் சொல்லி, அவன் அம்மாவை அழைத்துப் பேசினோம். இரவு வேலை நின்றது. அந்த ஒரு மாதத் தாமதம் இன்றும் என்னை உறுத்துகிறது.

நம் பிள்ளைகளின் கைப்பேசியை நாம் கண்காணிக்க வேண்டியதில்லை. அது கூடவும் கூடாது. கலகலப்பாகப் பேசியவர் அமைதியாகிவிட்டாரா, விளையாட்டு நேரத்தில் ஒதுங்கி நிற்கிறாரா, முதல் பாடவேளையிலேயே கண் சொருகுகிறதா என்று பார்த்தாலே போதும். தேர்வு நெருங்கும்போது வாரம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் தனியாக இரண்டு நிமிடம் பேசுவோம். மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேட்போம்.