ஆட்டம் நடக்காத ஆடுகளம்
(தோட்டத் தொழிலாளர் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஒரு குறைவேலையைப் பற்றி. நம் பேராக் மாநிலத்தில், பத்து காஜாவுக்கும் கோப்பெங்குக்கும் இடையே ஆற்றங்கரை மேட்டின்மேல் நிற்கிறதே கெல்லி மாளிகை, அதைத்தான் சொல்கிறோம். ஈப்போவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரம். உங்களில் பலர் போய்ப் பார்த்திருப்பீர்கள். அந்த மாளிகைக்குள்ளேயே டென்னிஸ் ஆடுவதற்கு ஒரு களம், ஆறு மாடிக் கோபுரத்தில் ஏறி இறங்க மலாயாவின் முதல் லிப்ட், மொட்டை மாடியில் விருந்து வைக்க ஒரு முற்றம், இவையெல்லாம் திட்டத்தில் இருந்தன. லிப்ட் ஓடவில்லை. ஆட்டம் தொடங்கவில்லை. நூறாண்டு ஆகியும் அது முடியாத வீடாகவே நிற்கிறது.

ஒரு வெள்ளைக்காரரின் வீட்டைப் பற்றித் தொழிலாளர் கூட்டத்தில் என்ன பேச்சு என்று சிலர் நினைக்கக்கூடும். அந்த வீட்டின் செங்கல்லை அடுக்கிய கைகள் நம்மவர் கைகள். அதன் நிறையையும் குறையையும் எடைபோட நம்மைவிட உரிமை உள்ளவர் யார்?

மாளிகை எழுந்த கதை

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் கெல்லாஸ் என்னும் ஊரில் பிறந்தவர். 1890-இல், இருபது வயதில் மலாயாவுக்கு வந்தார். சார்லஸ் ஆல்மா பேக்கர் என்பவருடைய நில அளவை நிறுவனத்தில் சேர்ந்து, பேராக்கில் காடு வெட்டும் குத்தகை வேலையில் பங்குகொண்டு பொருள் சேர்த்தார். அந்தப் பணத்தில் கிந்தா மாவட்டத்தில் 1,000 ஏக்கர் காட்டு நிலம் வாங்கிப் பால்மரம் நட்டார். பிறந்த ஊரின் பெயரைச் சேர்த்துத் தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர் வைத்தார். ஈயத் தொழிலிலும் கைவைத்தார். 1909-இல் முதலில் ஒரு வீடு கட்டினார். மகன் பிறந்த 1915-ஆம் ஆண்டில், அதைவிடப் பன்மடங்கு பெரிய மாளிகைக்குத் திட்டம் போட்டார்.

ஸ்காட்லாந்துக் கோட்டையின் சாயலும், மூரிஷ் வளைவுகளும், தென்னிந்தியக் கைவேலையும் கலந்த கட்டடம் அது. செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து கப்பலேறின. சென்னையிலிருந்து 70 கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, உலகையே உலுக்கிய 1918-ஆம் ஆண்டின் இன்ஃபுளுவன்சாக் காய்ச்சல் தொழிலாளர் மத்தியிலும் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. அது ஓய்ந்தபின் 1920–21-இல் உலகச் சந்தையில் ரப்பர் விலை விழுந்தது. 1922-இல் ஸ்டீவன்சன் திட்டம் என்று உற்பத்திக்கே கட்டுப்பாடு வந்தது. இத்தனைக்கும் இடையில்தான் மாளிகை எழும்பியது. 1926 டிசம்பரில் போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகருக்குப் போயிருந்த கெல்லி ஸ்மித், நிமோனியாக் காய்ச்சல் கண்டு 56-ஆம் வயதில் காலமானார். மனைவி ஸ்காட்லாந்துக்குத் திரும்பிவிட்டார். கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். சொத்து பிற்பாடு ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்பீல்டு கம்பெனியின் கைக்குப் போயிற்று. காடு வந்து மாளிகையை மூடியது.

நிறை என்ன?

முதல் நிறை, கைவேலை கண்ணுக்குத் தெரிவது. முடிந்த வீடாக இருந்தால் சுண்ணாம்பும் வண்ணமும் ஏறி எல்லாவற்றையும் மறைத்திருக்கும். முடியாத வீடாக நின்றதால், பூச்சுக் காணாத இடங்களில் செங்கல் வரிசை அப்படியே தெரிகிறது. வளைவு எங்கே தொடங்கி எங்கே கூடுகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம். நூறாண்டு மழையைத் தாங்கிக்கொண்டு அந்த வளைவுகள் நிற்கின்றன. கட்டியவரின் திறமைக்கு வேறு நற்சாட்சிப் பத்திரம் வேண்டுமா?

இரண்டாவது நிறை, அது ஊருக்குப் பொதுவானது. வேலை முடிந்திருந்தால் ஒரு குடும்பம் வாழ்ந்திருக்கும். கல் சுமந்தவரின் பேரப்பிள்ளை அந்தப் படியில் கால் வைக்க விட்டிருப்பார்களா? இன்றோ சீட்டு வாங்கிய எவரும் மாடிவரை ஏறலாம். 1999-இல் வெளிவந்த ‘அன்னா அண்டு தி கிங்’ என்னும் ஆங்கிலப் படத்துக்கும் அங்கே காட்சி எடுத்தார்கள். எஜமானுக்கு என்று கட்டியது எல்லாருக்கும் ஆயிற்று.

குறை என்ன?

லிப்ட் போக வேண்டிய கூண்டு வெறும் பொந்தாக நிற்கிறது. முக்கால் லிப்ட் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. முழுதாக இருந்தால் ஆளைத் தூக்கும். கொஞ்சம் குறைந்தாலும் எவருக்கும் உதவாது. டென்னிஸ் களமும் அப்படியே. அளவு எடுத்த தரையும் வலையும் இல்லாமல் டென்னிஸ் இல்லை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. முழுத் திட்டமும் ஒரே மனிதரின் பையில் இருந்தது. அவருக்கு மூச்சு நின்றதும் வேலைக்கும் மூச்சு நின்றது. தொடர்ந்து நடத்த வேண்டும் என்ற தேவை வேறு எவருக்கும் இல்லை. கட்டியவர்களுக்கு அதில் கூலி இருந்தது, பங்கு இல்லை.

கடைசிக் குறை கட்டடத்தில் இல்லை, நம் வாயில் இருக்கிறது. மாளிகைக்குப் போய்வந்த ஒருவரைக் கேளுங்கள். பேய் உலவுகிறதாம், சுரங்கப்பாதை இருக்கிறதாம், இரகசிய அறை இருக்கிறதாம் என்று அரைமணி நேரம் சொல்வார். கட்டியவர் யார் என்று கேட்டால் விழிப்பார். பேய்க்குக் கிடைக்கும் மரியாதை கொத்தனாருக்குக் கிடைக்கவில்லை!

குறைவேலையிலும் இரண்டு வகை

தோழர்களே, நின்றுபோன வேலைகள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. பாதியில் நின்றும் பயன்படுகிற வேலை உண்டு. அதற்கும் ஓர் ஆடுகளத்தையே உதாரணம் காட்டுகிறோம்.

டிஸ்க் கோல்ஃப் என்று ஓர் ஆட்டம் இப்போது பல நாடுகளில் பரவியிருக்கிறது. கையகல வட்டத் தட்டை எறிந்து, தூரத்திலே சங்கிலிகள் தொங்கும் ஓர் இரும்புக் கூடைக்குள் விழவைக்க வேண்டும். குறைந்த எறிகளில் எல்லாக் கூடைகளையும் முடிப்பவர் வெற்றிபெறுவார். உலகின் முதல் நிரந்தரக் களம் என்று பெயர்பெற்றது, 1975-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் என்பவர் அமைத்தது. அன்று கூடையும் இல்லை, சங்கிலியும் இல்லை. கம்புகளை நட்டுவைத்து, கம்பில் பட்டால் கணக்கு என்றார்கள். பட்டதா படவில்லையா என்று ஆட்டக்காரர்களுக்குள் வாக்குவாதம் வந்தது. அந்த வாக்குவாதத்தைத் தீர்க்கத்தான் சங்கிலிக் கூடை பிறந்தது.

இந்த ஆட்டத்துக்கு நிலத்தைச் சமப்படுத்த வேண்டியதில்லை. மரத்தை வெட்டவும் வேண்டாம். மரம்தான் ஆட்டத்தின் தடை. மேடு, பள்ளம், நிரை நிரையாக நிற்கும் பழைய பால்மரங்கள், இப்படிப்பட்ட நிலமே அதற்குப் போதும். 18 கூடைகள் வைக்க எண்ணி ஒன்பதில் பணம் தீர்ந்தாலும் ஒன்பதை இரண்டு முறை சுற்றி ஆடலாம். அரைகுறைக் களத்தின் நிறை இது.

குறைகளும் இருக்கும். எறியும் இடத்தில் தளம் போடாவிட்டால் மழைநாளில் கால் வழுக்கும். வழிகாட்டும் பலகை இல்லாவிட்டால் அடுத்த கூடையைத் தேடிப் புதியவர் அலைவார். எறியும் திசையில் ஒற்றையடிப் பாதை குறுக்கிட்டால், போகிறவர் மேல் தட்டு பாயும். புல் வெட்டாத இடத்தில் விழுந்த தட்டு கிடைக்காது. இவை சின்னக் குறைகள் அல்ல. ஆனால் முதல் நாளிலிருந்தே அங்கே ஆள் ஆடுகிறான். ஆடுகிறவன் குறையைக் கண்டுபிடிக்கிறான், சொல்கிறான், நாலு பேர் சேர்ந்து திருத்துகிறார்கள். பயன்படுத்துகிறவன் உள்ளே இருப்பதால் வேலை வளர்கிறது. மாளிகை லிப்டின் குறையைச் சொல்ல அதில் ஏறியவர் யார் இருக்கிறார்?

முடிந்த வேலை

இனி மாளிகைக்கு அருகிலேயே உள்ள ஒரு சாட்சியைக் கூப்பிடுவோம். காய்ச்சலில் ஆட்கள் விழுந்தபோது தொழிலாளர்கள் துரையிடம் போய், தங்களுக்கு ஒரு கோயில் கட்டவேண்டும் என்று கேட்டார்கள். அவரும் இணங்கினார். அதை மறைக்காமல் சொல்லவேண்டியது நம் கடமை. மாரியம்மன் கோயில் எழுந்தது. நன்றியுள்ள நம் மக்கள், கோயிலின் மேலே தெய்வச் சிலைகளின் வரிசையில் தொப்பி போட்ட துரைக்கும் ஓர் உருவம் செய்து வைத்தார்கள்.

இப்போது இரண்டையும் தராசில் வையுங்கள். ஒரே தோட்டம், ஒரே காலம், ஒரே துரை, ஒரே கைகள். மாளிகைக்குக் கப்பல் கப்பலாகச் சாமான் வந்தது, அது நின்றுபோயிற்று. சிறிய கோயில் முடிந்தது. துரை இறந்தபின்னும் விளக்கு எரிந்தது. ஏன்? கோயில் வேண்டும் என்று கேட்டவர்கள் அதைக் கட்டியவர்களே. கும்பிடுகிறவர்களும் அவர்களே. ஒருவர் போனால் அடுத்தவர் எண்ணெய் ஊற்றுவார். ஒருவர் ஆசையில் நிற்கும் காரியம் அவர் ஆயுளோடு முடியும். பலர் தேவையில் நிற்கும் காரியம் தலைமுறை தாண்டும். மாளிகை நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்.

நம் வேலைக்கு வருவோம்

நாமும் படிப்பகம், பிள்ளைகளுக்குத் திடல், கூடிப் பேச ஒரு மண்டபம் என்று பல காரியங்களைத் தொடங்குகிறோம். தொடங்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். பணம் கொடுக்கும் பெரிய மனிதர் நாளைக்கு இல்லாமற்போனால் இதைத் தொடர்ந்து நடத்தப்போவது யார்? பாதியில் நின்றால் அந்தப் பாதி எவருக்காவது பயன்படுமா? இரண்டுக்கும் விடை இருந்தால் துணிந்து தொடங்கலாம். மண்டபத்துக்குக் கூரை போடப் பணம் இல்லையா? முதலில் திடலைச் செதுக்கி இரண்டு கோல் கம்பங்களை நடுவோம். சாயந்திரமே பிள்ளைகள் பந்து உதைக்க வந்துவிடுவார்கள். மீதி வேலையைச் செய்யச் சொல்லி அவர்களே நம்மை விரட்டுவார்கள்.

இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது. கிராணி வேலை பார்க்கும் எங்களுக்குச் செக்ரோல் புத்தகத்தின் அருமை தெரியும். செக்ரோலில் பெயர் விட்டுப்போனால் அன்றைய கூலி விட்டுப்போகும். சரித்திரமும் ஒரு செக்ரோல்தான். மாளிகையின் சொந்தக்காரர் பெயர், மனைவி பெயர், மக்கள் பெயர், வேலை செய்த நிறுவனத்தின் பெயர், எல்லாம் பதிவாகியிருக்கிறது. கட்டியவர்கள் பக்கத்தில் 70 என்று ஒரு தொகை மட்டும் சொல்கிறோம். அந்த எழுபதில் ஒரு பெயரைச் சொல்லக்கூடியவர் இந்தக் கூட்டத்தில் உண்டா? காய்ச்சலில் மாண்டவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? உழைத்தும் பெயர் விழாத நாள் அது.

இதைச் சொல்லி யாரையும் குறைகூறிப் பயனில்லை. இன்று நம் கண்முன்னாலேயே பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல தோட்டங்களில் லயங்கள் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. மரம் சீவியவர், வெளிக்காட்டு வேலை செய்தவர், ஸ்டோரில் பால் காய்ச்சியவர், பிள்ளைக் கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா, இவர்கள் பெயர்களும் இன்னும் இருபது வருஷத்தில் வெறும் தொகையாகிவிடக் கூடாது.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் ஒரு யோசனையை வைக்கிறோம். ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். படித்த பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களிடம் உட்காரட்டும். பெயர், எந்த ஊரிலிருந்து எந்தத் தலைமுறையில் வந்தவர், எந்தத் தோட்டம், என்ன வேலை, எதைக் கட்டினார், எதை நட்டார் என்று எழுதி வாங்கட்டும். தாத்தா பாட்டி சொல்லிக் கேட்ட பெயர்களையும் சேர்த்துக்கொள்ளட்டும். ஒரு பக்கம் எழுதினாலும் அந்த ஒரு பக்கம் பயன்படும். புத்தகம் நிறையவில்லையே என்று யாரும் வருந்த வேண்டாம். அடுத்தவர் வந்து தொடர்ந்து எழுதுவார்.

அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கெல்லி மாளிகைக்கு அழைத்துப் போங்கள். பேய்க் கதையைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். முதலில் செங்கல் வரிசையைத் தொட்டுக் காட்டுங்கள். திரும்பும்போது கோயிலுக்கும் கூட்டிப் போங்கள். முடியாததையும் முடிந்ததையும் ஒரே நாளில் பார்க்கட்டும். எதனால் அது நின்றது, எதனால் இது நிலைத்தது என்று அவர்களே கேட்கட்டும். பதில் சொல்ல நாம் தயாராக இருப்போம்.