சிறுகச் சேரும் எடை
(ஊராட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)

 

ஊராட்சிக் கணக்கில் வரவு மிகுந்து செலவு குறைந்தால், ஆண்டு முடிவில் இருப்பு நிற்கும். அது நன்மையே. ஆனால், உடலின் கணக்கில் நிற்கும் இருப்பு கொழுப்பாகும். அது நன்மையன்று.

முன்னாளில் நம்மவர் கமலை இறைத்தும் ஏர் பூட்டி உழுதும், உண்டதை உழைத்தே தீர்த்தனர். இன்று பம்புசெட்டும் டிராக்டரும் அவ்வேலையை ஏற்றுக்கொண்டன. இயந்திரத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. உழைப்பு குறைந்த அளவுக்கு உணவு குறையவில்லை என்பதையே நினைவூட்டுகிறேன்.

எடை ஒரே நாளில் ஏறுவதில்லை. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை சுமார் 5 கிராம். அதில் 20 கலோரி உண்டு. வழக்கத்திற்கு மேல் நாள்தோறும் இரண்டு குவளைத் தேநீர், குவளைக்கு இரண்டு கரண்டி என அருந்தினால், சர்க்கரையால் மட்டும் 80 கலோரி கூடுகிறது. நாளொன்றுக்கு 24 கலோரி தொடர்ந்து கூடினால், காலப்போக்கில் ஏறத்தாழ 1 கிலோ எடை ஏறும். அதில் பாதி முதல் ஆண்டிலேயே ஏறிவிடும் என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். அவ்வாறாயின், அவ்விரு குவளைகளே 3 கிலோ வரை ஏற்றிவிடும் அல்லவா?

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 2015–16-இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 31 பேரும், ஆண்களில் 28 பேரும் மிகை எடையுடன் இருந்தனர். 2019–21-இல் இத்தொகை முறையே 40, 37 என உயர்ந்தது. மிகை எடையைத் தொடர்ந்து நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் வருகின்றன. உழைப்பவர் நோயுற்றுப் படுத்தால், நிலமும் தரிசாகக் கிடக்கும். வைத்தியச் செலவுக்குக் கடனும் ஏறும்.

வேட்டியும் சேலையும் பெருக்கும் இடுப்புக்கு இடங்கொடுப்பவை. ஆதலால் எடை ஏறுவது நமக்குத் தெரிவதில்லை. மாதம் ஒரு முறை நாடாவால் வயிற்றின் சுற்றளவை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் வரம்பு. அதனை மீறினால், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இரத்தத்தில் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை எளியவை. தேநீரில் ஒரு கரண்டிச் சர்க்கரையைக் குறையுங்கள். மறுசோற்றுக்குப் பதிலாகக் கீரையோ காயோ கேளுங்கள். அருகிலுள்ள வயலுக்கு நடந்தே செல்லுங்கள். ஊராட்சிக் கூட்டங்களில் வடை, பஜ்ஜிக்கு மாற்றாகச் சுண்டல் வழங்குங்கள். ஆயினும், மெலிந்திருப்போரும் கடும் உழைப்பாளரும் உணவைக் குறைத்தல் ஆகாது.

சிறுகச் சேர்ந்ததைச் சிறுகவே குறைக்கலாம். இன்றைய தேநீரிலிருந்தே அதனைத் தொடங்குவோமாக.